சிலையின் முதுகுப்புறம்

அன்புள்ள ஐயா,

சென்ற கோடையில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஈஸ்டர் தீவின் பெருஞ்சிலை ஒன்றைப் பார்த்தேன். மரங்களையெல்லாம் வெட்டித் தீர்த்துத் தாங்களே அழிந்துபோன மக்களின் சிலை என்று கேள்விப்பட்டிருந்ததால், அதன் முன் நெடுநேரம் நின்றேன். நம் காலமும் அவ்வாறே முடிந்தால், பின்னால் வருவோர் நம் பொருட்களைத் தவறாகத்தானே புரிந்துகொள்வார்கள்? பிறகு எதையும் காத்து வைப்பதில் என்ன பயன்?

க.

அன்புள்ள க.,

சிலையின் முன் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அதன் முதுகில் இருக்கிறது.

அந்தச் சிலையின் பெயர் ஹோவா ஹக்கனனையா. 2.42 மீட்டர் உயரம், ஏறத்தாழ 4 டன் எடை. ராப்பா நுய் எனவும் வழங்கும் ஈஸ்டர் தீவில் மோவாய் என்று அழைக்கப்படும் சிலைகளில் பெரும்பாலானவை சாம்பல் இறுகி உருவான மென்மையான பாறையில் செதுக்கப்பட்டவை. இதுவோ கடினமான எரிமலைக் கல்லில் ஆனது. முன்னோரின் உருவாக எழுப்பப்பட்ட இச்சிலை, பிற்காலத்தில் ரானோ கௌ எரிமலை வாயின் விளிம்பிலுள்ள ஓரோங்கோவில், ஒரு கல்வீட்டுக்குள், பாதி மண்ணில் புதைந்து நின்றது. அதற்குள் தீவு மாறிவிட்டிருந்தது. பனங்காடுகள் மறைந்துவிட்டதால் பெரிய தோணிகள் கட்ட மரம் இல்லை. புதிய சிலைகளை எழுப்பும் வழக்கம் நின்று, பறவை மனிதன் வழிபாடு ஓங்கியிருந்தது. ஆண்டுதோறும் குலத்தலைவர்களின் சார்பில் வீரர்கள் செங்குத்தான பாறைச் சரிவில் இறங்கி, மோட்டு நுய் என்னும் சிறு தீவுக்கு நீந்திச் சென்று, ஆலாப் பறவை இடும் முதல் முட்டைக்காகக் காத்திருந்தார்கள். முட்டை யாருடைய வீரனின் கைக்குக் கிட்டியதோ அந்தத் தலைவர் அவ்வாண்டின் பறவை மனிதராக மதிக்கப்பட்டார். காடு மறைந்ததுதான் இவ்வழிபாட்டுக்குக் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அந்தப் புதிய காலத்து மக்கள் பழைய சிலையை என்ன செய்தார்கள் என்பது நம் கண்முன் இருக்கிறது. முகத்தைச் சிதைக்காமல், இடுப்பில் முன்னமே இருந்த வளையத்தையும் கச்சையையும் அழிக்காமல், முதுகில் எதிரெதிரே நோக்கும் இரண்டு பறவை மனிதர்களையும், அவர்களுக்கு மேலே ஒரு பறவையையும், சடங்கு நடனத்தில் ஏந்தும் துடுப்புகளையும் செதுக்கினார்கள். இதைத் தவறான புரிதல் என்று எப்படிச் சொல்வது? முன்னோரைத் தங்கள் காலத்துக்குள்ளும் அழைத்துக்கொண்ட செயலாகவே இதை நான் காண்கிறேன்.

அவர்கள் தாங்களே அழிந்தார்கள் என்னும் கதையையும் நாம் கைவிட வேண்டும். காடு மறைந்தது உண்மை. மக்கள் மரங்களை எரித்தும் வெட்டியும் அழித்தார்கள், அவர்களுடன் வந்த எலிகள் பனங்கொட்டைகளைத் தின்றன. ஆயினும் அவர்கள் நிலத்தில் கற்களைப் பரப்பி, ஈரத்தைக் காத்து, காற்றின் வேகத்தைத் தணித்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தார்கள். 2024இல் வெளியான ஆய்வு ஒன்று, பண்டைய ராப்பா நுய் மக்கள் 15 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, 17ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை சரிந்ததற்கான அடையாளம் ஏதுமில்லை என்று கண்டது.

பேரழிவு கடல்வழியே வந்தது. 1862 டிசம்பரில் தொடங்கி, பெருவிலிருந்து வந்த ஆள்பிடிப்போர் ஏறத்தாழ 1,500 பேரைக் கொண்டுசென்றார்கள். உயிரோடு திரும்பிய மிகச் சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர் மட்டுமே. மரப்பலகைகளில் பொறிக்கப்பட்ட ரோங்கோரோங்கோ எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களும் அக்காலத்தில்தான் மறைந்தார்கள். பலகைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன, அவற்றை வாசிக்க எவராலும் முடியவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். காடு போன பின்னும் மக்கள் தொடர்ந்து வாழ்ந்ததால் சிலைக்குப் புதிய பொருள் கிடைத்தது. மக்கள் பறிக்கப்பட்டதால் பலகை ஊமையானது. ஆகவே நமக்குப் பின் வருவோர் நம் பொருட்களுக்கு வேறு பொருள் காண்பார்களே என்று நான் வருந்தவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பேரனிடம் அதன் கதையைச் சொல்ல ஒருவரும் மிஞ்சாமற்போவதுதான் என் அச்சம்.

அந்தப் பெருந்துயரின் நடுவே, 1868இல் டோபேஸ் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஆட்கள் இச்சிலையை எடுத்துச் சென்றார்கள். கப்பலுக்குக் கொண்டுபோகும் வழியில் அதன்மேல் பூசியிருந்த சிவப்பும் வெள்ளையும் கடல்நீரில் கரைந்துவிட்டன. பெயருக்கு ‘திருடப்பட்ட நண்பன்’ என்றும் ‘மறைக்கப்பட்ட நண்பன்’ என்றும் பொருள் சொல்கிறார்கள். 2018 நவம்பரில் ராப்பா நுய் மக்களின் குழு ஒன்று லண்டனுக்கு வந்து, அதைத் தங்கள் தீவுக்குத் திருப்பித் தருமாறு கேட்டது. தீவின் ஆளுநர் தரிதா அலர்கோன் ராப்பு, தங்கள் ஆன்மா அங்கே இருப்பதாகக் கண்ணீருடன் சொன்னார். சிலை திரும்பிச் செல்ல வேண்டும் என்பதே என் எண்ணமும். நீங்கள் மீண்டும் லண்டன் போகும்போது அது அங்கேயே இருந்தால், தயவுசெய்து அதன் பின்பக்கம் சென்றும் சிறிது நேரம் நில்லுங்கள்.

அன்புடன்.