ஏ7 மார்க் 3 வைத்திருப்பவர் மார்க் 4 வாங்கலாமா? – கேள்வி பதில்

கேள்வி: திருமணப் படங்கள் எடுப்பது என் தொழில். சோனி ஏ7 மார்க் 3 கேமரா வைத்திருக்கிறேன். மார்க் 4க்கு மாறினால் ஆல்பத்தில் வேறுபாடு தெரியுமா?

பதில்: அச்சிட்ட ஆல்பத்தில் தெரியாது. 24 மெகாபிக்சலிலிருந்து 33 மெகாபிக்சல் என்று கேட்கும்போது பெரிய தாவலாகத் தோன்றும். ஆனால் படத்தின் அகலம் 6000 புள்ளிகளிலிருந்து 7008 புள்ளிகளாகத்தான் கூடுகிறது, அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு. விளம்பரங்கள் முதலில் சொல்லும் எண்தான் உங்கள் தொழிலுக்கு மிகக் குறைவாகப் பயன்படும் எண்.

வேறுபாடு தெரியக்கூடிய இடம் ஆட்டோஃபோகஸ். மார்க் 3 2018இலும் மார்க் 4 2021இலும் வந்தவை; இடையில் கேமராவின் செயலி (ப்ராசசர்) மாறியது. மணமகள் குனிந்து நிமிரும்போதும், தாலி கட்டும் நேரத்தில் உறவினர் ஒருவர் குறுக்கே கை நீட்டும்போதும், மார்க் 4 அதே கண்ணை மீண்டும் பற்றிக்கொள்வதில் கூடுதல் உறுதி காட்டுகிறது. ஆகவே வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அண்மையில் எடுத்த சில திருமணங்களில் நீங்கள் கழித்துப்போட்ட படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பாருங்கள். ஃபோகஸ் நழுவியவையே பெரும்பான்மை என்றால் மாறுவதற்குக் காரணம் உண்டு. கை அசைந்தவையும் ஒளி போதாதவையும் மிகுதி என்றால், புதிய பாடியிலும் (லென்ஸ் நீங்கலான கேமராவிலும்) அவை அப்படியேதான் வரும்.

கேள்வி: மண்டபத்தில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 6400 வைத்தால் படம் குருணையாகிறது, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. மார்க் 4 இதைச் சரிசெய்யுமா?

பதில்: செய்யாது. இரண்டும் ஒரே அளவுள்ள சென்சார்கள். இரு படங்களையும் ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் குருணையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நீங்கள் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது; எஃப் எண் குறைந்தால் ஒளி கூடும்) ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே ஷட்டர் வேகத்தில் 6400 சுமார் 2500 ஆகக் குறையும். பாடியின் விலையில் ஒரு பகுதிதான் இதற்கு ஆகும்.

கேள்வி: சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன. இதற்காக மாறலாமா?

பதில்: வேண்டாம். மின்னணு ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. அந்த இடைவெளியில் விளக்கு பலமுறை கூடிக் குறைவதால் பட்டைகள் உண்டாகின்றன. மார்க் 4இன் சென்சாரும் மெதுவாகவே படிக்கிறது. இயந்திர ஷட்டருக்கு வந்து, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 வேகத்தை வைத்துப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி. திரை வேறு வேகத்தில் துடிக்கும். அதற்கு அந்த இடத்திலேயே வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: பறவைகளை எடுக்கிறேன். மார்க் 3இல் கண் ஃபோகஸ் பிடிக்கவில்லை.

பதில்: 2019 ஏப்ரலில் வந்த 3.0 ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) மார்க் 3க்கு விலங்குகளின் கண்ணைக் கண்டறியும் வசதியை இலவசமாகத் தந்தது. பறவைகளுக்கு அது பொருந்தாது. மார்க் 4இல் பறவைக்கென்றே தனித் தேர்வு உண்டு. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் கிராப் முறையில் மார்க் 3 தருவது சுமார் 10 மெகாபிக்சல், மார்க் 4 தருவது சுமார் 14. தொலைவில் அமரும் பறவைக்கு இது உண்மையான ஆதாயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நொடிக்கு 10 படங்கள் என்ற வேகம், தரவு சற்று இழக்கும் சுருக்கப்பட்ட ரா கோப்புகளில்தான் (பின்னர் திருத்துவதற்கான சென்சார் தரவு) கிடைக்கிறது, மற்ற ரா வகைகளில் ஏறத்தாழ 6 ஆகக் குறைகிறது. இதுவரை கேட்டவர்களில் மாறுவதற்குத் தெளிவான காரணம் உள்ளவர் நீங்கள்.

கேள்வி: வீடியோவுக்கு?

பதில்: இங்கேதான் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி. மார்க் 3 தருவது 8 பிட் வீடியோ; பிட் குறைந்தால் நிறப் படிகளும் குறையும். அதை எஸ்-லாக்கில் (பின்னர் நிறம் திருத்துவதற்கென்று மங்கலாகப் பதியும் முறை) எடுத்து நிறம் திருத்தினால் மாலை வானத்தின் மென்மையான நிறமாற்றம் படிப்படியாக உடைந்து தெரியும். மார்க் 4 10 பிட் தருகிறது, படமெடுக்கும்போதே கண்ணையும் தொடர்கிறது. 4கேயில் நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும்போது மட்டும் காட்சி கிராப் ஆகும். ஆனால் நிறத் தகவல் மிகுந்த அந்த 10 பிட் 4:2:2 கோப்புகளைப் பழைய கணினிகள் தடுமாறித்தான் ஓட்டும். கணினிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பலருக்கு இந்தச் செலவு கேமரா வந்த பிறகே தெரிகிறது.

கேள்வி: நிக்கான் இசட்6 முதல் மாடலில் திருமணம் எடுக்கிறேன். இசட்6 மார்க் 2க்குப் போகலாமா?

பதில்: போகலாம். முதல் மாடலில் ஒரே கார்டு ஸ்லாட். 2020இல் வந்த மார்க் 2இல் இரண்டு. மீண்டும் நடக்காத நிகழ்ச்சியை ஒற்றைக் கார்டை நம்பி எடுக்கக் கூடாது.

கேள்வி: கேனான் எம்50இலிருந்து ஆர் வரிசைக்கு மாறினால் என் லென்ஸ்கள் பொருந்துமா?

பதில்: எம்50இன் ஈஎஃப்-எம் லென்ஸ்கள் பொருந்தா. மவுண்டுக்கும் (லென்ஸ் பூட்டும் வளையம்) சென்சாருக்கும் உள்ள தூரம் அதில் 18 மி.மீ., ஆர் வரிசையின் ஆர்எஃப் மவுண்டில் 20 மி.மீ.; லென்ஸ் சென்சாரை அத்தனை நெருங்க முடியாததால் சாதாரண அடாப்டர் செய்ய இடமில்லை. பழைய டி.எஸ்.எல்.ஆரின் ஈஎஃப் லென்ஸ்கள் இருந்தால் அவை கேனானின் அடாப்டர் வழியாக நன்றாகவே இயங்கும். ஆகவே நீங்கள் கேட்பது பாடி மாற்றம் அன்று, புதிதாக ஒரு தொகுப்பே வாங்குவது. எல்லா நிறுவனங்களையும் ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மார்க் 4 வாங்கிய பின் மார்க் 3ஐ விற்றுவிடலாமா?

பதில்: தொழிலுக்கென்றால் விற்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே பேட்டரி, ஒரே லென்ஸ்கள். இரண்டாம் பாடியாக அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. மெனு அமைப்பு மாறியிருப்பதால், அடிக்கடி தொடும் பொத்தான்களுக்கு இரண்டிலும் ஒரே வேலையைக் கொடுத்து வையுங்கள். நிகழ்ச்சிக்கு முன் இரண்டின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைக்கவும் மறக்காதீர்கள். இல்லையெனில் எடிட்டிங்கில் படங்களை வரிசைப்படுத்துவதற்கே ஒரு நாள் போய்விடும்.