குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது? டர்பன் பக்கத்துக் கேள்விகள், ஒரு பழைய லேப்காரனின் பதில்கள்

குடிநீர் ஆய்வுக்கூடத்தில் 20 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளிக்கிழமை கோயிலில் பார்க்கிறவர்கள் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதனால் கேள்விகளைச் சேர்த்து அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். நான் சொல்லும் எல்லைகள் தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரமான சான்ஸ் 241-இல் உள்ளவை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினம் 2 லிட்டர் வீதம் 70 ஆண்டு குடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்தவை அவை. எல்லாம் லிட்டருக்கு.

சாட்ஸ்வர்த்: அண்ணா, தண்ணீர் நின்று திரும்ப வரும்போது பத்து நிமிடம் டீ நிறத்தில் வருகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை எல்லாம் கெட்டுப்போயிற்று. இதைக் குடிக்கலாமா?

நிறம் பெரும்பாலும் இரும்பு, கூடவே கொஞ்சம் மாங்கனீசு. பழைய குழாயின் உள்ளே படிந்திருந்த துரு, தண்ணீர் வேகமாகத் திரும்பும்போது கிளம்பி வருகிறது. இரும்புக்குச் சான்ஸில் இரண்டு எல்லை உண்டு. 300 மைக்ரோகிராம் தாண்டினால் நிறமும் சுவையும் கெடும். உடம்புக்குக் கெடுதல் என்று வைத்திருப்பது 2000. நடுவில் உள்ள தண்ணீர் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

ஆனால் எனக்குக் கவலை நிறத்தில் இல்லை. தண்ணீர் நிற்கும்போது குழாயில் அழுத்தம் போய்விடும். அப்போது விரிசல் இருக்கிற இடத்தில் வெளியே உள்ள சேற்றுத் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுக்கும், பக்கத்தில் சாக்கடைக் குழாய் ஓடினால் அதையும் சேர்த்து. அந்தத் தண்ணீர் தெளிவாகவே வரலாம். ஈ.கோலை கிருமிக்கு எல்லை என்று ஒன்று கிடையாது. 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. அதனால் தண்ணீர் திரும்பி வந்த நாளில், தெளிந்த பிறகும் ஒரு நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

முதலில் வாசல் குழாயைத் திறந்து ஓட விடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள், துரு கீஸருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டைக்கு ஜிக், அதுதான் அந்தக் குளோரின் பிளீச், ஊற்றினீர்களா? அதுதான் தப்பு. குளோரின் பட்டால் இரும்புக் கறை இன்னும் இறுகிவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுங்கள்.

பீனிக்ஸ்: ஒருவர் வீட்டுக்கு வந்து என் குழாய்த் தண்ணீரில் ஒரு கருவியை வைத்தார். இரண்டு நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது! அவர் ஃபில்டர் தண்ணீர் மாறவே இல்லை. பேனா மாதிரி ஒன்று வைத்து 120 என்று காட்டினார். ஃபில்டர் வாங்கச் சொல்கிறார்.

தங்கச்சி, இந்த வித்தையை நான் மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். அந்தக் கருவியில் நான்கு கம்பி இருந்திருக்கும், இரண்டு இரும்பு, இரண்டு அலுமினியம். மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த அழுக்கு உங்கள் குழாயிலிருந்து வந்ததில்லை, அவர் கம்பியிலிருந்து வந்தது. உப்பு எல்லாம் எடுத்துவிட்ட ஃபில்டர் தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது மாறவில்லை. அடுத்த முறை அவர் வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கருவியை வைக்கச் சொல்லுங்கள். போன மாதம் என் அக்கா வீட்டில் அதைச் செய்தேன். அந்தத் தம்பி டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

பேனா காட்டிய 120 என்பது கரைந்த உப்புகளின் மொத்தம், மில்லிகிராமில். எல்லை 1200. நீங்கள் பத்தில் ஒரு பங்கில் இருக்கிறீர்கள். அதைவிட, அந்தப் பேனா ஈயத்தையும் காட்டாது, கிருமியையும் காட்டாது.

பீனிக்ஸ் பக்கம் இன்னொரு வீடு: மகள் மாசமாக இருக்கிறாள் என்று தண்ணீரைத் தனியார் லேபில் கொடுத்துப் பார்த்தோம். ஈயம் 0.004 என்று இருக்கிறது. எல்லை 10 என்று படித்தேன். 2500-ல் ஒரு பங்கு, நிம்மதி என்று விட்டுவிட்டேன். சரிதானே தம்பி?

இல்லை அக்கா. நல்ல வேளை கேட்டீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மில்லிகிராம் என்று இருக்கும். எல்லை 10 என்பதோ மைக்ரோகிராமில். ஒரு மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம். அப்படியென்றால் உங்களுடையது 4, எல்லை 10. தேறிவிட்டது, ஆனால் 2500-ல் ஒரு பங்கு இல்லை, ஐந்தில் இரண்டு பங்கு. ஐரோப்பிய நாடுகள் 2036-க்குள் இந்த எல்லையை 5-ஆகக் குறைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்கு இத்தனை ஈயம்வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் எண்ணே கிடையாது.

பயப்பட வேண்டாம், வழி சுலபம். ஈயம் பெரும்பாலும் அணையிலிருந்து வருவதில்லை. உங்கள் வீட்டுப் பித்தளைக் குழாயிலும் பழைய செம்புக் குழாயின் பற்றவைத்த இடங்களிலும் ராத்திரி முழுக்க நிற்கும் தண்ணீரில்தான் இறங்குகிறது. காலையில் முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அப்புறம் வருவதைக் குடிக்க எடுங்கள். சமையலுக்குச் சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து பிடிக்காதீர்கள். லேபுக்கு இன்னொரு முறை கொடுப்பதென்றால் இரண்டு பாட்டில் கொடுங்கள், விடிந்ததும் பிடித்தது ஒன்று, ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தது ஒன்று. முதலாவதில் மட்டும் கூடுதலாக இருந்தால் குற்றவாளி உங்கள் வீட்டுக் குழாய்.

இன்னொன்று. பழைய சுவர்ப் பெயிண்டையும், பழைய அலுமினியச் சாமானை உருக்கிக் கையால் வார்த்து விற்கும் பானைகளையும் பாருங்கள். அந்தப் பானைகளில் ஈயம் இறங்குவதை இந்த நாட்டிலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். புளி ஊற்றிச் சமைத்தால் இன்னும் கூடுதல்.

அதே அக்கா மறுபடியும்: ஐயையோ, சென்னைக்குப் போனபோது ஈயச் சொம்பு வாங்கி வந்தேனே! அதில்தான் ரசம் வைக்கிறோம்.

ஈயம் என்ற பெயரில் இரண்டு உலோகம் இருக்கிறது. சொம்புக்கு உரியது வெள்ளீயம். நாம் இவ்வளவு நேரம் பேசியது காரீயம். உண்மையான வெள்ளீயச் சொம்பில் தொல்லை இல்லை. ஆனால் விலை குறைக்கக் காரீயம் கலப்பவர்கள் உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பேரப்பிள்ளை பிறந்து வளரும்வரை ரசத்தை எவர்சில்வருக்கு மாற்றுங்கள், சொம்பு ஷெல்ஃபில் அழகாக இருக்கட்டும்.

டோங்காட்: ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், 300 பேர் வருவார்கள். குழாயில் தண்ணீர் நம்பிக்கையில்லை, டேங்கர்தான். 2022-ல் பட்ட பாடு மறக்கவில்லை.

யார் மறப்பார்கள்? அந்த ஏப்ரல் வெள்ளம் டோங்காட் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்ததில் மாதக்கணக்கில் வாளியும் வரிசையுமாக நின்றீர்கள்.

கூழைப் பற்றிக் கவலை இல்லை, அது கொதிக்கிறது. ஆபத்து கொதிக்காத இடங்களில். கூழோடு கடிக்கும் வெங்காயம் கழுவும் தண்ணீர், மோருக்கு ஊற்றும் தண்ணீர், கப் அலசும் வாளி, பரிமாறுகிறவர்கள் கை. நான் போன ஒரு பூஜையில் பெரிய அண்டாவில் கூழ் ஆவி பறக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரே வாளியில் 50 கப்பை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூழை வாங்கிக்கொண்டு கப்பை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கலாமோ என்று தோன்றியது.

டேங்கர் வந்ததும் யாராவது வீட்டு நீச்சல்குளச் சோதனைப் பெட்டியை எடுத்து வாருங்கள், நம் ஆட்களில் நாலு பேரிடமாவது இருக்கும். குளோரின் 0.2 முதல் 0.5 மில்லிகிராம்வரை காட்டினால் நல்லது. 5 தாண்டக் கூடாது. ஒன்றுமே காட்டவில்லை என்றால் 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ஜிக் ஊற்றிக் கலக்கி, இரண்டு மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், சேறு குளோரினைத் தின்றுவிடும்.

வெருலம்: குளோரின் போட்ட தண்ணீர் குடித்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது.

முழுப் பொய் இல்லை. தண்ணீரில் இருக்கும் இலைதழைச் சாறோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன் என்ற பொருள்கள் உண்டாகின்றன. அதில் ஒன்றான குளோரோஃபார்முக்கு இங்கே எல்லை 300 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனமும் அதையேதான் சொல்கிறது. அமெரிக்காவில் நான்கு பொருள்களையும் சேர்த்தே 80. நம் எல்லை தளர்வு என்று நீங்கள் சொன்னால் நான் சண்டை போட மாட்டேன். ஆனால் குளோரினை நிறுத்தினால் வருவது வாந்திபேதி, அது 70 ஆண்டு காத்திருக்காது. 2023-ல் பிரிட்டோரியா பக்கத்து ஹம்மன்ஸ்க்ராலில் வந்த காலராவில் 20-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். வாசனை பிடிக்கவில்லை என்றால் ஜக்கில் பிடித்து ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள்.

லெனேசியா, ஜோபர்க்: நாங்களும் அப்படித்தான் ஒரு ராத்திரி வைத்து மீன் தொட்டிக்கு ஊற்றினோம். எல்லா மீனும் செத்துவிட்டது.

உங்களுக்குத் தண்ணீர் தருவது ராண்ட் வாட்டர். அவர்கள் குளோரினோடு அம்மோனியா சேர்த்துக் குளோரமைன் ஆக்கி அனுப்புகிறார்கள், நீண்ட தூரம் தாக்குப்பிடிக்க. அது வைத்தால் பறக்காது. மீன் கடையில் அதற்கென்று விற்கும் மருந்துச் சொட்டு வாங்கிப் போடுங்கள். நீங்கள் குடிக்கலாம், மீனுக்குத்தான் ஆகாது.

கிளேர்வுட்: இனாண்டா அணையில் பாதரசம் என்கிறார்களே?

கேட்டோ ரிட்ஜில் பாதரசக் கழிவு வாங்கிப் பதப்படுத்திய ஆலையின் கதை அது. 1990-களில் தொழிலாளர்கள் விஷமேறி இறந்தார்கள், ஓடை வழியாகக் கழிவு கீழே இறங்கியது. பாதரசம் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்காது. சேற்றில் தங்கும், அங்கிருந்து மீனுக்கு ஏறும். குடிநீரில் அதற்கு எல்லை 6 மைக்ரோகிராம். நான் அங்கே குழாயைவிடத் தூண்டிலுக்குத்தான் பயப்படுவேன். அணை மீனைக் கறி வைக்காதீர்கள்.

டோங்காட் வெளிப்புறம், கரும்புத் தோட்டப் பக்கம்: போர்வெல் தண்ணீரில் சோதனை ஸ்ட்ரிப் வைத்தேன். நைட்ரேட் 25 காட்டுகிறது. எல்லை 11. கொதிக்க வைத்தால் போகுமா?

ஸ்ட்ரிப் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நைட்ரேட் என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் 25-ஐ 4.4-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் 11 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனுக்கு மட்டும். வகுத்தால் 5.7 வரும், எல்லைக்குள். 'நைட்ரஜனாக' என்று எழுதியிருந்தால் 25 என்றால் 25-தான், கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உதடு நீலமாகும். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகப் போக நைட்ரேட் அப்படியே நிற்கும், அளவு கூடத்தான் செய்யும்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப்: டம்ளரில் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது.

காற்று. ஒரு நிமிடம் வையுங்கள், அடியிலிருந்து மேலாகத் தெளியும். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் மண் தங்கினால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

அதே வீட்டுப் பாட்டி: செம்புச் சொம்பில் ராத்திரி தண்ணீர் வைத்துக் காலையில் குடிக்கிறேன், டாக்டர் மகன் திட்டுகிறான்.

செம்புக்கு எல்லை 2000 மைக்ரோகிராம். வெறும் தண்ணீரை ஒரு ராத்திரி வைத்தால் அதற்கு வெகு கீழேதான் இருக்கும், கிருமியும் குறையும். எலுமிச்சைத் துண்டு மட்டும் போடாதீர்கள் பாட்டி, புளிப்புச் செம்பைக் கரைத்துவிடும். மகனிடம் நான் பேசுகிறேன்.