பெரிய கார்புரேட்டர் மாட்டியதில் என்ஜின் பிடித்துவிட்டது: மெக்கானிக் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2016 மாடல் 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் இருக்கிறது. கம்பெனியின் 26 மி.மீ. கார்புரேட்டருக்குப் பதிலாக 30 மி.மீ. ஸ்லைடு கார்புரேட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். பத்து வருடமாகப் பழகிய மெக்கானிக் அதை மாட்டி 3,500 ரூபாய் கூலி வாங்கினார். மூன்றாவது வாரம் நெடுஞ்சாலையில் போகும்போது என்ஜின் பிடித்துக்கொண்டது. போய்க் கேட்டால், 'உனக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினார். வேறு கடையில் போர் அடித்து (சிலிண்டரைக் கடைந்து) பிஸ்டன் கிட் மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னும் பிரிக்கவில்லை. அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, நுகர்வோர் ஆணையத்தில் 2 லட்சம் கேட்கலாமா? இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது. வண்டி கீழே விழுந்ததாகச் சொல்லி கிளெய்ம் செய்யும்படி நண்பர் சொல்கிறார்.

பதில்: பத்து வருடப் பழக்கத்தையும், நாலு பேர் முன்னால் பட்ட அவமானத்தையும் ஒதுக்கி வையுங்கள். அவற்றை வைத்து 2 லட்சம் வராது. உங்கள் கடிதத்தில் வழக்கைத் தீர்மானிப்பது ஒரே வரி: கார்புரேட்டரை நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்கள், அவர் மாட்டிக் கூலி வாங்கினார்.

கார்புரேட்டர் பெரிதாக இருப்பதாலேயே என்ஜின் பிடிப்பதில்லை. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் பிடிக்கலாம். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில் ஆகியவற்றைப் பெட்டியில் வந்தபடியே விட்டிருந்தால், அவை உங்கள் என்ஜினுக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 26 மி.மீ. கார்புரேட்டரை என்ஜினோடு இணைத்த பழைய மேனிஃபோல்டு ரப்பரிலேயே 30 மி.மீ.யை இழுத்துச் சொருகி கிளாம்ப் போட்டிருந்தால், ஓரத்தில் காற்று உறிஞ்சும். அந்தக் காற்று எந்த ஜெட்டின் கணக்கிலும் வராது. ஊருக்குள் ஓட்டும்போது அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். நெடுஞ்சாலையில் முழு த்ராட்டிலில் கொஞ்ச நேரம் பிடித்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து பிளாக்கில் (சிலிண்டரில்) உரசி நின்றுவிடலாம்.

ஆகவே கேள்வி இதுதான்: அவர் ஒப்புக்கொண்டது மாட்டித் தருவதை மட்டுமா, மாட்டி டியூன் செய்து தருவதையா? முதலாவது என்றால், 'கொடுத்ததை மாட்டினேன்' என்ற ஒரு வரியில் அவர் தப்பித்துவிடுவார். இரண்டாவது என்றால், ஜெட் பார்க்காமல் வண்டியை வெளியே விட்டது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு. 'ஜெட் செட் பண்ணித் தரேன்' என்று அவர் அனுப்பிய குரல் பதிவோ, 'டியூனிங்' என்று எழுதிய துண்டுச்சீட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் உங்கள் வழக்கு மிகவும் மெலிந்தது.

அடுத்து, என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வழக்கைத் தொலைக்கிறார்கள். அவசரப்பட்டு வேறு கடையில் பிரித்து, பழைய பிஸ்டனைப் பழைய இரும்போடு போட்டுவிட்டு, கையில் பில்லோடு வருகிறார்கள். பில் செலவைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. எதிர்த்தரப்பு வக்கீல் 'ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்' என்றுதான் சொல்வார். அதை மறுக்க உங்களிடம் என்ன இருக்கும்? முதலில் ஆயில் அளவைக் குச்சியிலோ கண்ணாடியிலோ படம் எடுங்கள். வடிக்கும்போது கொஞ்சம் ஆயிலைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர்போல் இருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது என்று வாதிட வழி உண்டு. பிளக்கைக் கழற்றி அதன் வெள்ளைப் பீங்கான் மூக்கைப் படம் எடுங்கள். காப்பி நிறம் சரியான கலவை, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. மேனிஃபோல்டு கிளாம்பைத் தொடாமல் எல்லாப் பக்கமும் படம் எடுத்த பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் பொறித்திருக்கும் எண்ணையும் படம் எடுங்கள். இவ்வளவும் முடியும்வரை பிளாக்கைக் கழற்றக் கூடாது. பிஸ்டனில் எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்பதையும் அந்த மெக்கானிக்கோ அவர் ஆளோ பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

இப்போது இதைவிடப் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்ப நினைக்கும் நோட்டீஸின் முதல் பத்தியில் என்ன எழுதுவீர்கள்? 'வேகம் கூட்டுவதற்காக என் வண்டியில் பெரிய கார்புரேட்டர் பொருத்தச் சொன்னேன்' என்றுதானே? அது உங்கள் கையெழுத்தில் உள்ள ஒப்புதல். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 உரிமையாளர் வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), உதிரிபாகம் பொருத்துவதையும் சேர்த்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. மாசு வரம்பு மீறினால் பிரிவு 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. 3 மாதம் வரை சிறையும், லைசென்ஸ் இழப்பும் அதில் உண்டு. ஆர்சி புக்கில் சிசி இருக்கிறது, கார்புரேட்டர் அளவு இல்லை, எனவே பிரிவு 52 பொருந்தாது என்று வாதிடலாம். அது மோசமான வாதமும் அல்ல. ஆனால் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதைக் கண்டிப்புடன்தான் பார்த்தது. 14,000 ரூபாய்க்காக அந்த வாதத்தை உங்கள் வண்டியை வைத்துச் சோதிக்காதீர்கள். நோட்டீஸ் போனதும் எதிர்த்தரப்பு, சட்டவிரோத வேலைக்கான ஒப்பந்தம் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ஐ எடுக்கும். நிவாரணம் கேட்கப் போன நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நண்பர் சொன்னதைச் செய்யாதீர்கள். என்ஜின் பிடிப்பது இயந்திரக் கோளாறு. வழக்கமான பேக்கேஜ் பாலிசியில் அதற்குப் பணம் கிடையாது. விழுந்ததாகப் பொய் சொன்னால் சர்வேயர் வருவார். கீறல் இல்லாத வண்டியையும், கம்பெனியுடையதல்லாத கார்புரேட்டரையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார். அதோடு அது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-இல் மோசடி ஆகிவிடும். இதுவரை உங்கள்மேல் இல்லாத குற்ற வழக்கை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை, என்ஜின் சரியான பிறகு அதே கார்புரேட்டரோடு நீங்கள் மறுபடி சாலைக்கு வருவதுதான். கம்பெனி கார்புரேட்டர் வேக்யூமில் திறக்கும் வகை என்றால், ஸ்லைடு வகையில் கேபிள்தான் ஸ்லைடை நேரடியாகத் தூக்குகிறது. கேபிள் நீளமோ போகும் வழியோ பொருந்தாவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது த்ராட்டில் தானாக ஏறும், சில நேரம் திரும்பாமலே மாட்டிக்கொள்ளும். ஐடிலில் ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். த்ராட்டில் மாட்டி ஒருவர்மேல் மோதினால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுப்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150 சொல்லும் எதிர்வாதங்களில் கார்புரேட்டர் மாற்றம் இல்லை. ஆனால் அவர் இறந்துபோனால், கவனக்குறைவால் மரணம் என்ற பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1) வழக்கில் 5 ஆண்டு வரை சிறை உங்களுக்குத்தான். உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை, வண்டியைச் சரியான நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையைக் காட்டித் தள்ளுவார்கள். இதில் பழைய நோட்டீஸ் நகலும் சேர்ந்தால் 'தெரிந்தே ஓட்டினார்' என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எனவே சமரசம் செய்யுங்கள். மரியாதைக்குரிய பொது ஆள் ஒருவரை வைத்துப் பேசி, ரிப்பேர் செலவில் பாதி, அதாவது 7,000 ரூபாய் கேளுங்கள். அல்லது ரிப்பேருக்கான உதிரிபாகச் செலவு உங்களுடையது, வேலை அவருடையது என்று முடியுங்கள். 5,000 வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை, தேதி, 'இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை' என்ற வரி, இரண்டு கையெழுத்து போதும். கார்புரேட்டர் கதையை அந்தத் தாளில் எழுத வேண்டாம். அவர் சம்மதிக்காமல், டியூனிங் பேசியதற்கான ஆதாரமும் உங்களிடம் இருந்தால் மட்டும் ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு 2 ஆண்டு, இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. கேட்பது 14,000 ரூபாயும் கூலியும் மட்டும் இருக்கட்டும்.

போர் அடிக்கும்போது 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது சாதாரண ரிப்பேர். 'இவ்வளவு செலவு செய்கிறீர்கள், 180 சிசி பிளாக் கிட்டே போட்டுவிடலாம்' என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது ஆர்சி புக்கில் எழுதியிருக்கும் சிசியையே மாற்றிவிடும். அங்கே உங்களுக்காக வாதிட எதுவும் மிஞ்சாது. பழைய 26 மி.மீ. கார்புரேட்டரைத் திரும்ப மாட்டி, புது மேனிஃபோல்டு ரப்பர் போட்டு, மாசுச் சான்று எடுத்துப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.