எஃப்எம்இ டேட்டாபேஸ் ரீடர்: கேட்டீர்கள், சொல்கிறேன்

எஃப்எம்இ என்பது வரைபடத் தரவைப் படித்து, மாற்றி, எழுதும் மென்பொருள். அதில் தரவைப் படிக்கும் பகுதிதான் ரீடர். ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பை இழுத்துப் போட்டால் எஃப்எம்இ வொர்க்பென்ச்சில் தானாகத் திறந்துகொள்ளும். டேட்டாபேஸ் அப்படியில்லை. யார் நீ, எந்த ஸ்கீமா (டேபிள்களின் தொகுப்பு), எத்தனை வரி வேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். அந்த விசாரணையில் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள்தான் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன.

கேள்வி (கோவை): சார், மாவட்டம் முழுக்க உள்ள நிலப்பிரிவுகள் ஒரே போஸ்ட்ஜிஐஎஸ் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வரைபட இணைப்பு) டேபிளில் இருக்கின்றன. எனக்குச் சூலூர் வட்டம் மட்டும் போதும். ரீடருக்குப் பின்னால் டெஸ்டர் (நிபந்தனைப்படி பிரிக்கும் கருவி) போட்டு வடிகட்டுகிறேன். ஓடி முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது.

பதில்: ஒரு சொம்பு தண்ணீருக்குக் கிணற்றையே இறைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். டெஸ்டர் வேலை செய்வது எல்லா வரிகளும் நெட்வொர்க் தாண்டி உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த பிறகு. அதே நிபந்தனையை ரீடரின் 'வேர் கிளாஸ்' பெட்டியில் எழுதினால், டேட்டாபேஸே பொறுக்கி எடுத்துத் தேவையானதை மட்டும் அனுப்பும். வட்டம் என்ற ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். ரீடர் மட்டத்தில் எழுதும் நிபந்தனை, அந்த ரீடர் படிக்கும் எல்லா டேபிள்களுக்கும் போகும். சாலை டேபிளில் வட்டம் என்ற ஃபீல்டே இல்லை என்றால் பிழைதான் வரும். நிலப்பிரிவு ஃபீச்சர் டைப்பின் (எஃப்எம்இயில் ஒரு டேபிளைக் குறிக்கும் பெட்டி) அமைப்பைத் திறந்து அங்கே எழுதுங்கள்.

அவரே மறுபடி: எழுதினேன் சார். 'சூலூர் என்ற ஃபீல்டு இல்லை' என்கிறது. சூலூர் ஃபீல்டு இல்லையே, ஊர்தானே!

பதில்: இரட்டை மேற்கோள் போட்டிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸுக்கு இரட்டை மேற்கோள் என்றால் ஃபீல்டு அல்லது டேபிளின் பெயர். ஒற்றை மேற்கோள் என்றால் மதிப்பு. ஊர்ப் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. ஃபீல்டு பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தால் அதைக் கட்டாயம் இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கித் தேடிவிட்டுக் கையை விரிக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, வணக்கம். தேடல் எல்லைப் பெட்டியில யாழ்ப்பாணத்தின்ர நெட்டாங்கு, அகலாங்கு குடுத்தனான். பிழை ஒண்டும் வரேல்லை, ஆனா ஒரு ஃபீச்சர் கூட வரேல்லை. ஏனெண்டு விளங்கேல்லை.

பதில்: பிழை வராமல் பூஜ்யம் வருகிறது என்றால், நீங்கள் கேட்ட இடத்தில் எதுவும் இல்லை என்று டேட்டாபேஸ் உண்மையைச் சொல்கிறது, தம்பி. உங்கள் டேபிள் இலங்கை கிரிட் 1999 என்ற ஆயமுறையில் (இடங்களை எண்ணால் குறிக்கும் முறை; அதன் குறியீட்டு எண் இபிஎஸ்ஜி 5235) இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் எண்கள் மீட்டரில் இருக்கும். பீதுருதாலகாலை மலைப்பக்கம் இரண்டு அச்சும் 5,00,000 என்று வைத்து எண்ணுகிறார்கள். யாழ்ப்பாண நகரம் அந்தக் கணக்கில் கிழக்கே சுமார் 4,18,000, வடக்கே சுமார் 7,94,000. நீங்கள் கொடுத்ததோ 80-உம் 9-உம். மீட்டராக எடுத்துக்கொண்டால் அது இலங்கைக்குத் தென்மேற்கே நடுக்கடல்.

இரண்டு வழி. மீட்டரிலேயே கொடுங்கள். அல்லது டிகிரியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள 'தேடல் எல்லையின் ஆயமுறை' என்ற இடத்தில் எல்எல்84 (டிகிரிக் கணக்கிலான உலகளாவிய ஆயமுறை) என்று போடுங்கள். மாற்றும் வேலையை எஃப்எம்இ பார்த்துக்கொள்ளும். எக்ஸ் என்பது நெட்டாங்கு, ஒய் என்பது அகலாங்கு. அதையும் ஒருமுறை சரிபாருங்கள். மாற்றிப் போட்டால் யாழ்ப்பாணம் வடதுருவக் கடலில், ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கேள்வி: 'எல்லையோடு வெட்டு' என்பதை டிக் செய்யலாமா?

பதில்: பரப்பளவு கணக்கிடப் போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். விளிம்பில் உள்ள நிலமெல்லாம் துண்டாகி வரும், பரப்பு குறையும், பார்த்தால் தெரியாது. படம் அச்சடிக்க மட்டும் என்றால் தாராளமாக.

கேள்வி (திண்டுக்கல்): எங்கள் மாவட்டம் 78 டிகிரிக் கோட்டின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. மேற்குப் பாதி யூடிஎம் (உலகை ஆறு டிகிரி மண்டலங்களாகப் பிரிக்கும் ஆயமுறை) 43, கிழக்குப் பாதி 44. இரண்டையும் 44-க்கு மாற்றி ஒரு வியூ (சேமித்து வைத்த வினவல்) செய்தேன். அதைப் படித்தால் ஆயமுறை தெரியவில்லை என்று வருகிறது.

பதில்: வியூவில் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் (ஆயமுறை மாற்றும் கட்டளை) போட்டதும் போஸ்ட்ஜிஐஎஸ் அந்த ஃபீல்டைப் பொத்தாம்பொதுவாக 'ஜியோமெட்ரி' என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஜியோமெட்ரி_காலம்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள், எஸ்ஆர்ஐடி (ஆயமுறையின் எண்) 0 என்று இருக்கும். அந்தப் பட்டியலை நம்பும் மென்பொருள் எதுவானாலும் குழம்பத்தான் செய்யும். வியூ எழுதும்போதே அந்த ஃபீல்டை மல்டிபாலிகன் (பல துண்டுப் பரப்பு), 32644 (யூடிஎம் 44-இன் எண்) என்று வகை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ரீடரில் ஆயமுறையைக் கையால் குறிப்பிட்டும் தப்பிக்கலாம். ஆனால் அது டப்பாவின் மேல் பெயர் ஒட்டுவது மாதிரி. உள்ளே இருக்கும் எண்கள் மாறாது. 43-இல் உள்ளதற்கு 44 என்று ஒட்டினால், மேற்கே இருக்க வேண்டிய ஊர்கள் ஆறு டிகிரி கிழக்கே தள்ளிப்போய் வங்கக் கடலில் விழும்.

மூல டேபிளை நேரடியாகப் படிக்கும்போது இன்னொன்று. வேர் நிபந்தனைக்குள் ஜியோமெட்ரி ஃபீல்டின் மேல் எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் போடாதீர்கள், ஸ்பேஷியல் இண்டெக்ஸ் பயன்படாமல் போய்விடும். ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்ப்பதைவிட, தேடும் பெட்டியை ஒரே ஒருமுறை மாற்றுவது மலிவு.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து படித்தால் தமிழ் ஊர்ப் பெயர்கள் எல்லாம் ???? என்று வருகின்றன. ரீடரில் என்கோடிங் எங்கே மாற்றுவது?

பதில்: ரீடரைத் தொடுவதற்கு முன் டேபிளையே நேரடியாகத் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால் கதை முடிந்தது. ஃபீல்டை வார்சார் (வழக்கமாகத் தமிழைத் தாங்காத எழுத்து வகை) என்று வைத்து அதில் தமிழை ஏற்றியிருப்பார்கள். ஏறும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. எந்த அமைப்பும் அதைத் திருப்பித் தராது. என்வார்சாராக (யூனிகோடு வகை) மாற்றி, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது மதிப்பின் முன்னால் 'N' என்ற ஆங்கில எழுத்தும் வேண்டும். நான் ஒரு முறை இரண்டு நாள் ரீடர் அமைப்புகளையே புரட்டிவிட்டு, மூன்றாம் நாள்தான் டேபிளைத் திறந்தேன். அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்.

கேள்விக்குறிக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கந்தரகோளமாக வந்தால் அது வேறு வியாதி. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் தட்டியிருப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், எழுத்து தொலையவில்லை.

ஷேப்ஃபைலாக எழுதப் போகிறீர்கள் என்றால் இதையும் கணக்கில் வையுங்கள். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். 'தமிழ்நாடு' என்ற ஒரே சொல் 27 பைட் எடுக்கும். ஷேப்ஃபைலின் அட்டவணைக் கோப்பான டிபிஎஃப்பில் ஃபீல்டு பெயருக்கு இருக்கும் இடமோ 10 பைட்.

கேள்வி: டேபிளில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்த்தேன். வொர்க்ஸ்பேஸில் (எஃப்எம்இ வேலைக் கோப்பு) காணோம்.

பதில்: ரீடரைச் சேர்த்த அன்று இருந்த அமைப்புதான் அதில் பதிந்திருக்கும். ஃபீச்சர் டைப்பை அப்டேட் செய்யுங்கள், வந்துவிடும்.

கேள்வி: ஒரு தடவைக்கு எத்தனை வரி எடுப்பது என்ற எண்ணைக் கூட்டினால் வேகம் கூடுமா?

பதில்: புள்ளிகள் என்றால் கொஞ்சம் கூடும். ஆயிரக்கணக்கில் முனைகள் உள்ள காட்டு எல்லைகள் என்றால் மெமரிதான் திணறும். இருந்ததையே விட்டுவிடுங்கள்.

கேள்வி (சென்னை): என் மடிக்கணினியில் ஓடும் வொர்க்ஸ்பேஸ், எஃப்எம்இ ஃப்ளோவில் (சர்வரில் ஓடும் எஃப்எம்இ) ஏற்றினால் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்கிறது.

பதில்: ஹோஸ்ட் பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்று இருக்கிறதா? ஃப்ளோவில் ஓடும்போது லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த சர்வரைக் குறிக்கும், உங்கள் மடிக்கணினியை அல்ல. அது சரியாக இருந்தால், பெயரிட்ட கனெக்‌ஷனையும் சேர்த்து ஏற்றினீர்களா, போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் அங்கிருந்து திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கனெக்‌ஷன் கிடைத்த பிறகும் டேபிள் தெரியவில்லை என்றால் யூசரின் உரிமையைப் பாருங்கள். டேபிளுக்கு செலக்ட் (படிக்கும் உரிமை) கொடுப்பவர்கள் ஸ்கீமாவுக்கு யூசேஜ் (உள்ளே நுழையும் உரிமை) கொடுக்க மறந்துவிடுவார்கள். இரண்டும் வேண்டும்.