பாஸ்படேஸுக்கு ஒரே ஒரு வரி

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை உயிர்வேதியியல் மாணவி. செல்லுக்கு வளரச் சொல்லும் சிக்னலை வாங்கும் வளர்ச்சிக் காரணி ஏற்பிகள் பாடத்தில், ஏற்பியில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதிக்கு நான்கைந்து வகுப்புகள் எடுத்தார்கள். அந்தப் பாஸ்பேட்டை இறக்கும் பாஸ்படேஸ் நொதி, 'சிக்னலை அணைக்கும்' என்ற ஒரே வரியோடு முடிந்துவிட்டது. அதற்கு அவ்வளவுதான் வேலையா? சிபிஎல் நொதி பற்றியும் சொல்லுங்கள். என் அம்மா நுரையீரல் புற்றுநோய்க்கு ஜெஃபிடினிப் சாப்பிடுகிறார். அதை நிறுத்திவிட்டு 'என்சைம் கேப்சூல்' எடுக்கச் சொல்கிறார் ஓர் உறவினர். எடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. உயிர்வேதியியல் படிக்கிற பெண் இதை என்னிடம் கேட்கலாமா? நொதி ஒரு புரதம். விழுங்கினால் செரித்துவிடும். தப்பிப் பிழைத்தாலும், ஏற்பியில் அந்தப் பாஸ்பேட் ஒட்டியிருப்பது செல்சவ்வின் உட்புறம்; அவ்வளவு பெரிய மூலக்கூறு அங்கே போய்ச் சேராது. உறவினருக்கு இதைப் புரியவைப்பது உங்கள் பொறுப்பு. அம்மா காதுக்கு இந்தப் பேச்சே போகவேண்டாம். அவர் படுகிற பாடு போதும்.

சிபிஎல், ஏற்பியில் யூபிக்விட்டின் என்ற அடையாளப் புரதத்தை ஒட்டி, செல்லுக்குள் அதைச் சிதைக்கும் இடமான லைசோசோமுக்கு அனுப்பிவைக்கும். பாடநூலில் நன்றாகவே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்படேஸுக்கு வருகிறேன். அந்த ஒற்றை வரி எனக்குப் பல வருட ஆதங்கம்.

புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுவதை டோனி ஹண்டர் 1979இல் கண்டுபிடித்தார். அதை இறக்கும் பிடிபி1பி நொதியை நிக் டாங்க்ஸ், சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரின் ஆய்வகத்தில், மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்தது 1988இல்தான். அதற்குள் ஒரு மனோபாவம் ஊறிவிட்டது: கைனேஸ் முடிவெடுக்கும், பாஸ்படேஸ் பின்னால் வந்து கூட்டிப் பெருக்கும்.

நான் ஆய்வகத்தில் இருந்தபோது அங்கே ஓர் அக்கா சோடியம் ஆர்த்தோவனடேட் தயாரிப்பார். பாஸ்படேஸைத் தடுக்கும் உப்பு அது. பிஹெச் 10க்குச் சரிசெய்யும்போது கரைசல் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்கவைப்பார். ஆறியதும் மறுபடி பிஹெச் பார்ப்பார். மஞ்சள் திரும்பினால் மறுபடி அடுப்பு. ஒருநாள் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்த செல்களை, வனடேட் சேர்த்துப் பாதியும் சேர்க்காமல் பாதியும் உடைத்துக் காட்டினார். பாஸ்பேட் ஏறிய ஏற்பியைக் காட்டும் படத்தில், சேர்த்ததில் 170 கிலோடால்டன் எடை இருக்கும் இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. சேர்க்காததில் தேடிப் பார்த்தால் தெரியும் ஒரு கோடு. செல் உடைந்து சிதறிய பிறகும் அந்த நொதி கையை நிறுத்தவில்லை! அதைப் பார்த்த யாருக்காவது ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக மனம் வருமா?

உயிருள்ள செல்லில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பெர்வனடேட் கொடுத்துப் பாஸ்படேஸை முடக்கினால், காரணி ஒரு துளிகூட இல்லாமலே ஏற்பிகளில் பாஸ்பேட் ஏறிவிடும். அதாவது, சும்மா இருக்கிற செல் சும்மா இருப்பதே பாஸ்படேஸ் விடாமல் இறக்கிக்கொண்டிருப்பதால்தான். எல்லாப் பாஸ்படேஸும் அடக்குவதும் இல்லை. எஸ்ஹெச்பி2 என்ற பாஸ்படேஸ் வளர்ச்சிச் சிக்னலை முன்னே தள்ளுகிறது; அதன் மரபணு மாற்றம் நூனன் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறுக்கு ஒரு காரணம் என்று 2001இல் தெரிந்தது. இதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், மரியாதையாக.

இன்னொன்று. அம்மாவின் ஜெஃபிடினிப், ஈஜிஎஃப் ஏற்பியின் கைனேஸை மட்டும்தான் தடுக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்ட பாஸ்பேட்டை அது தொடுவதே இல்லை. இறக்குவது அவருடைய செல்லில் இருக்கும் பாஸ்படேஸ். பாதி வேலையை மாத்திரை செய்கிறது, மீதியை அவர் உடம்பே செய்கிறது. உறவினரிடம் இதையும் சொல்லுங்கள்.

தோலுக்கும் குடலுக்கும் இதே ஏற்பி தேவை என்பதால், இந்த மருந்தில் பரு போன்ற தடிப்பும் வயிற்றுப்போக்கும் வருவது உண்டு. வந்தால் பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத்திணறல் புதிதாக வந்தாலோ கூடினாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்புறம், அம்மா எப்படி இருக்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.