மனு எழுதச் சொன்ன அரசன்

வணக்கம் ஐயா,

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பிரெஞ்சுப் புரட்சி பற்றி நான் பேச வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 1789இல் மக்கள் எழுந்ததற்கு ரொட்டி விலை காரணமா, வால்டேர், ரூசோ போன்றவர்களின் எழுத்து காரணமா, அரசனின் கடன் காரணமா? ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று ராணி சொன்னது உண்மையா? புரட்சி எந்த ஆண்டில் முடிந்தது என்று சொல்வது? என்னைக் கேட்டால் பசித்தவன்தான் புரட்சி செய்வான். நம் ஆட்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது, அதனால்தான் இங்கே யாரும் எதற்கும் வாய் திறப்பதில்லை. நான் நினைப்பது சரியா?

அன்புடன்,
ச., பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகள் இல்லாமல் இருந்திருந்தால் சுருக்கமாகப் பதில் எழுதி அனுப்பியிருப்பேன். அந்த வரிகள் என்னை விடவில்லை. நம் தோட்டத் தொழிலாளர்களின் 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேசையில் அந்தத் தாள்கள் கிடக்கும்போது ‘நம் ஆட்கள் வாய் திறப்பதில்லை’ என்று ஒரு தம்பி எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் கேக்கை எடுத்து வெளியே வைத்துவிடுவோம். பெயர் சொல்லாத ஓர் இளவரசி அப்படிச் சொன்னதாக ரூசோ தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். அவர் அதை எழுதியபோது பின்னாளில் ராணியான மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமி. பிரான்சில் கால் வைக்கவே இல்லை. உங்கள் பேச்சில் அதைச் சொல்லாதீர்கள். ரூசோவும் வால்டேரும் என்ன எழுதினார்கள், யார் அதைப் படித்தார்கள் என்பது தனி விஷயம். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

கடன் உண்மை. அமெரிக்கர்களின் சுதந்திரப் போருக்கு உதவப் போய் பிரான்ஸ் கடனில் மூழ்கியது. வருமானத்தில் ஏறக்குறைய பாதி வட்டிக்கே போனது. நிலமும் பணமும் வைத்திருந்த பிரபுக்களும் திருச்சபையும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள். 1787இல் அவர்களைக் கூப்பிட்டு வரி கட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கஜானா காலியாகி, 1788 ஆகஸ்டில் வேறு வழியில்லாமல்தான் பதினாறாம் லூயி மதகுருக்கள், பிரபுக்கள், மற்ற மக்கள் என்ற மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டச் சம்மதித்தான். அந்தச் சபை கடைசியாகக் கூடியது 1614இல்.

பசியும் உண்மை, இல்லையென்று யார் சொன்னது? 1788 ஜூலை 13ஆம் தேதி பெய்த ஆலங்கட்டி மழை பாரிஸைச் சுற்றியிருந்த விளைச்சலை அடித்துப் போட்டது. பின்னால் வந்த குளிர்காலம் ஆறுகளை உறைய வைத்தது. எட்டு ஒன்பது சூவுக்கு (சூ என்பது அந்நாளைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்ற இரண்டு கிலோ ரொட்டி 1789 தொடக்கத்தில் 14½ சூவுக்கு ஏறியது. கூலிக்காரனின் ஒருநாள் சம்பளம் 20 முதல் 30 சூ. குடும்பத்தில் எத்தனை பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் தம்பி, 1775இலும் ரொட்டி விலை இப்படித்தான் ஏறியது. அரியணையில் இதே அரசன்தான். சில வாரங்களுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கலவரம். மாவுக் கிடங்குகளையும் சந்தைகளையும் சூழ்ந்துகொண்டார்கள். படை வந்தது, பாரிஸில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள், எல்லாம் அடங்கிவிட்டது. அரசனின் முடியிலிருந்து ஒரு முத்துகூட உதிரவில்லை. பசிதான் காரணம் என்றால் அன்றே நடந்திருக்க வேண்டுமே. 1775இல் இல்லாமல் 1789இல் இருந்தது எது?

மக்களை மனு எழுதச் சொன்னார்கள். அதுதான் புதிது.

இதைப் பலர் இரண்டு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. 1789 ஜனவரியில் அரசன் ஓர் ஆணை போட்டான்: ஒவ்வொரு ஊரும் கூடித் தன் குறைகளை எழுதி, பிரதிநிதிகளிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல்களைப் பிரெஞ்சில் ‘காயே’ என்பார்கள். இருபத்தைந்து வயது நிறைந்த, வரி கட்டுகிற ஆண்கள் பெரும்பாலும் ஊர்க்கோயிலில் கூடினார்கள். எழுதத் தெரிந்தவர் எழுதினார், உரக்கப் படித்துக் காட்டினார், கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். இப்படிச் சேர்ந்த பட்டியல்கள் ஏறத்தாழ 60,000. ஒரு நாடு முழுக்க ஒரே பருவத்தில் உட்கார்ந்து ‘எனக்கு என்ன வலிக்கிறது’ என்று யோசித்திருக்கிறது!

என்ன எழுதினார்கள்? அரசன் வேண்டாம் என்றா? இல்லை. அரசனை நல்லவன், தகப்பன் என்றுதான் எழுதினார்கள். அவர்களின் முதல் குறை உப்பு. வடக்கு மாகாணங்கள் பலவற்றில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு உப்பு என்று அரசு விலையில் வாங்கியே தீர வேண்டும், தேவையோ இல்லையோ. ஊர்ப் பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அதற்குக் கூலி வேறு. சாலை போடச் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். அப்புறம் புறா. பிரபுவின் புறாக்கள் விதைத்த வயலில் இறங்கித் தானியத்தைத் தின்னும். விதைத்தவன் அதைக் கொல்லக் கூடாது, வேட்டை உரிமை பிரபுவுக்கு. பட்டியலுக்குப் பட்டியல் புறாவும் முயலும் வருகின்றன. படிக்கும்போது அந்தக் குடியானவன் வரப்பில் நின்று கைதட்டி விரட்டுவது தெரிகிறது.

எனக்கு இது ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். என் பெரியப்பாவுக்கு எழுதத் தெரியும் என்பதால் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், எல்லோருக்கும் மனு எழுதுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டு முன்நடையான ஐந்தடியில் பலகையைப் போட்டு உட்காருவார். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாளை நகராமல் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. நீல மை நகக்கண்ணில் ஏறி இரண்டு மூன்று நாளுக்குப் போகாது.

ஒருமுறை ரப்பர்ப் பால் நிறுக்கும் தராசு பற்றி மனு. கொண்டுவரும் பால் ஒன்று, கிராணி என்ற தோட்டத்து எழுத்தரின் புத்தகத்தில் ஏறும் கணக்கு ஒன்று. பெரியப்பா எழுதி முடித்து எல்லோருக்கும் படித்துக் காட்டினார். சரி, சரி என்றார்கள். பின்னால் நின்ற ஓர் அக்கா, பால்மரம் வெட்டுகிறவர், முன்னே வந்து, “இன்னொண்ணும் எழுதுங்க மாமா. பெரட்டுல எங்களப் பேரு சொல்லிக் கூப்பிடணும், ‘ஏய்’ங்கக் கூடாது” என்றார். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசை. தராசுக்குச் சரி என்றவர்கள் அதற்கு எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பின் ஒருவராகப் பலகைக்குக் கிட்டே வந்தார்கள். அன்றைக்கு மனு இரண்டு பக்கம் கூடியது. பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையின் ஒழுகும் கூரை, தண்ணீர்க்குழாய், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேசும் பேச்சு, எல்லாம் வந்தன. மனு ஆபீசுக்குப் போனது, பதில் வரவில்லை. அடுத்த சில வாரங்களில் அந்த லயத்தில் பேச்சே மாறிவிட்டது. அதுவரைக்கும் ‘நம்ம தலையெழுத்து’ என்றவர்கள் ‘எழுதிக் குடுத்தோமே, என்ன ஆச்சு?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

வெறும் பசியில் இருப்பவன் தன் வயிற்றை மட்டும் அறிவான். குறையை எழுதி, பக்கத்து வீட்டுக்காரனும் அதையே எழுதக் கண்டவன், பதில் வருமென்று காத்திருப்பான். அந்தக் காத்திருப்பை ஏமாற்றினால்தான் அரியணை ஆடும்.

அரசனின் அரண்மனை இருந்த வெர்சாயில் நடந்தது அதுதான். 1789 மே 5இல் சபை கூடியது. அரசனுக்கு வேண்டியது வரி. பிரதிநிதிகள் கொண்டுவந்தது பட்டியல். அதை யாரும் கையில் வாங்கவில்லை. வகுப்புக்கு ஒரு வாக்கா, தலைக்கு ஒரு வாக்கா என்ற சண்டையிலேயே வாரங்கள் போயின. வகுப்புக்கு ஒரு வாக்கு என்றால் பிரபுக்களும் மதகுருக்களும் இரண்டு, மற்ற எல்லா மக்களும் சேர்ந்து ஒன்று. ஜூன் 17இல் மூன்றாம் வகுப்பார் தாங்களே தேசிய சபை என்று அறிவித்தார்கள். ஜூன் 20 காலையில் மண்டபத்துக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது, வாசலில் சிப்பாய்கள். மழை வேறு. பக்கத்தில் ஒரு பந்தாட்டக் கூடத்தில் புகுந்து, அரசியல் சட்டம் எழுதாமல் கலைய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சபைத் தலைவர் பாயி என்ற வானியல் அறிஞர். இந்தப் பெயரை மறக்காதீர்கள்.

ஜூலை 14இல் பாரிஸின் பஸ்தீல் சிறைக்கோட்டை விழுந்தது. உள்ளே ஏழே கைதிகள். அதைவிட முக்கியம், கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்து பாத்தியதைப் பத்திரங்களைத் தேடித் தேடி எரித்தது. அந்தப் பயத்தில்தான் ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களே எழுந்து நின்று சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள். அந்த இரவிலிருந்து பிறந்த சட்டத்தின் இரண்டாவது பிரிவு எதைப் பற்றி தெரியுமா? புறாக்கூடு. ஊரார் குறிக்கும் பருவத்தில் புறாவை அடைத்து வைக்க வேண்டும், வெளியே வந்தால் தன் நிலத்தில் யாரும் கொல்லலாம். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வந்துவிட்டது. பட்டியல் எழுத உட்கார்ந்த கூட்டங்களில் பெண்களுக்கு அநேகமாக இடமில்லை. அக்டோபர் 5இல் பாரிஸ் சந்தைப் பெண்கள் மழையில் வெர்சாய் வரை நடந்தே போய் ரொட்டியைக் கேட்டார்கள். மறுநாள் அரச குடும்பத்தையே பாரிஸுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

இனி பாயிக்கு வருவோம். 1791 ஜூன் 20 இரவு அரசன் குடும்பத்தோடு தப்பி ஓடி, வழியில் வாரென் என்ற ஊரில் பிடிபட்டான். ஓடுமுன் ஒரு நீண்ட கடிதம் வைத்துவிட்டுப் போனான். அது அவனுடைய குறைப்பட்டியல். பாரிஸ் அரண்மனையில் தனக்குப் பழகிய வசதிகள் இல்லை என்பதும் அதில் ஒரு குறை! ஊரெல்லாம் எழுதியதற்கு வாய் திறக்காதவன் தன் குறையை இப்படி எழுதினான். ஓடிப்போன அரசன் இனி வேண்டாம் என்று ஜூலை 17இல் பாரிஸின் ஷான் த மார்ஸ் திடலில் மக்கள் மனுவில் கையெழுத்துப் போட வந்தார்கள், ஆயிரக்கணக்கில். நகர மேயர் இராணுவச் சட்டம் அறிவித்தார். தளபதி லஃபாயெத்தின் தேசியக் காவல்படை சுட்டது. இறந்தவர்கள் ஐம்பது பேர் வரை இருக்கலாம் என்பார்கள். அந்த மேயர் பாயி. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சத்தியம் செய்து வைத்த அதே மனிதர், இரண்டே ஆண்டில்.

எந்த ஆண்டில் புரட்சி முடிந்தது என்று கேட்டீர்கள். 1792 ஆகஸ்டில் அரண்மனை தாக்கப்பட்டதும், செப்டம்பரில் குடியரசு வந்ததும், 1793 ஜனவரி 21இல் அரசன் தலை போனதும், அதே ஆண்டு நவம்பரில் பாயியை அதே ஷான் த மார்ஸுக்குக் கொண்டுபோய்க் கில்லட்டினில் வைத்ததும், 1794இல் பயங்கர ஆட்சியை நடத்திய ரொபெஸ்பியர் விழுந்ததும், 1799இல் நெப்போலியன் வந்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தேர்வு வினா என்றால் 1799 என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் 1791 ஜூலை 17க்குப் பிறகு நடந்தது வேறொன்று. மனுவில் கையெழுத்துப் போட வந்தவனைச் சுட்ட பிறகு யாரும் மனு எழுத மாட்டார்கள். ஈட்டியைத்தான் எடுத்து வருவார்கள்.

இப்போது நம் ஆட்களின் வயிற்றுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்த இடம் இது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். அது வயிற்றுக் கேள்வி, சரி. மற்றவற்றைப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடக்கக் கூடாது. உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை இருக்கக் கூடாது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம்.

சைக்கிள் வாங்கியவன் பட்டினி கிடந்தவனா? மிச்சம் பிடித்து வாங்கிய சைக்கிளில் நிமிர்ந்து போக வேண்டும் என்று கேட்டவன். கள்ளுக்கடை மூடினால் யாருக்கு வயிறு நிறையும்? மே மாதம் நாதனைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். விடுவிக்கச் சொல்லித் திரண்டவர்கள் மேல் படையை ஏவினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். கிள்ளானுக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலிலேயே போய்விடலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாரிஸ் வரை போய், அங்கிருந்து திரும்பி நம்மவரைப் பார்த்து ‘வாய் திறக்காதவர்கள்’ என்கிறீர்கள். கடிந்து சொல்கிறேன் என்று வருந்தாதீர்கள். இதையெல்லாம் படிக்க உட்கார்ந்திருக்கிறீர்களே, அதனால்தான் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

உங்கள் பேச்சுக்கு ஒரு யோசனை. கேக்கும் வேண்டாம், கில்லட்டின் படமும் வேண்டாம். ஏதாவது ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் பட்டியலை எடுத்து, உப்பு, ஆலை, புறா என்று அப்படியே வாசியுங்கள். தொடர்ந்து கிள்ளான் கோரிக்கைகளை வாசியுங்கள். உங்கள் வட்டத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் கட்டாயம் இருப்பார்கள். பாதி நேரத்தை அவர்களுக்குக் கொடுங்கள், யார் மனு எழுதினார்கள், எதைக் கேட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். நேரம் போதாவிட்டால் நெப்போலியனை விட்டுவிடலாம்.