வகுப்பைக் குறைத்தால் அணியில் இடம் கிடைக்குமா?

வணக்கம் தம்பி. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து வேலை மாற்றலாகி கோலாலம்பூர் வந்திருக்கிறீர்கள். பையன் பிறந்தது 20 ஜூலை 2015. ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். உயரம் 138 செ.மீ. கால்பந்து நன்றாக ஆடுகிறான், ஆனால் பொடியன். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் செப்டம்பர் 2026-க்கு இயர் 7 தருகிறார்கள், கேட்டால் இயர் 6-உம் தருவார்கள். டல்லாஸில் இருக்கும் மைத்துனர், "ஒரு வருடம் பின்னால் போடுங்கள், வகுப்பிலேயே பெரியவனாக இருப்பான், அணியில் இடம் நிச்சயம்" என்கிறார். செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

விளையாட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். இங்கே அது அவனை அணிக்குள் கொண்டுவராது, அணியிலிருந்து பிரித்துவிடும்.

மைத்துனர் சொல்வதில் அவர் ஊர் அளவில் நியாயம் உண்டு. அமெரிக்கப் பள்ளி விளையாட்டு வகுப்பை ஒட்டி நடப்பது. ஏழாம் வகுப்பு அணி, எட்டாம் வகுப்பு அணி, உயர்நிலைப் பள்ளியில் ஜூனியர் வார்சிட்டி (இரண்டாம் அணி), வார்சிட்டி (முதல் அணி) என்று போகும். வயது வரம்பு கடைசியில்தான் குறுக்கே வரும். டெக்சாஸில் செப்டம்பர் 1 அன்று 19 நிரம்பியிருக்கக் கூடாது என்பது விதி. அதனால் 18-ஐத் தாண்டிய பையனும் பன்னிரண்டாம் வகுப்பில் ஆடலாம். அந்த இடைவெளியைப் பிடித்துத்தான் அங்கே பெற்றோர் கேஜியிலோ எட்டாம் வகுப்பிலோ ஒரு வருடம் நிறுத்துகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த பிறகு அதுவும் பலிக்காது, எட்டு செமஸ்டருக்கு மேல் ஆட முடியாது என்ற கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

இங்கே அணிக்குப் பெயர் கொடுக்கும்போது கேட்பது பாஸ்போர்ட்டை. எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பது இரண்டாம் பட்சம். பிரிட்டிஷ் பள்ளிகள் தங்களுக்குள் ஆடும் லீக்குகளிலும், ஃபோபிசியா என்ற பிரிட்டிஷ் பள்ளிக் கூட்டமைப்பு நடத்துவது மாதிரி ஆசிய அளவிலான போட்டிகளிலும் யூ-11, யூ-13 (11, 13 வயதுக்குட்பட்டோர்) என்று பிரிப்பார்கள். பள்ளி ஆண்டு தொடங்கும் செப்டம்பர் 1 தான் கோடு, அன்று அந்த வயது நிரம்பியிருக்கக் கூடாது. உங்கள் பையனுக்கு வரும் ஜூலையிலேயே 11 நிரம்பிவிடுகிறது. ஆகவே 2026-27 சீசனில் அவன் யூ-11 ஆட முடியாது, ஆறு வாரத்தில் தவறிவிட்டது. இயர் 6-இல் போட்டாலும் முடியாது. வயதுக்கு மேல் உள்ள பிரிவில் ஆட அனுமதிப்பார்கள், கீழே இறங்கி ஆட விடமாட்டார்கள்.

இயர் 6 என்பது பிரைமரியின் கடைசி வகுப்பு, இயர் 7 செகண்டரியின் முதல் வகுப்பு. பல பள்ளிகளில் கட்டிடம் வேறு, மணி அடிக்கும் நேரம் வேறு, பயிற்சி நாள் வேறு, ஸ்கூல் வேன் கிளம்பும் நேரமும் வேறு. வகுப்புத் தோழர்கள் செவ்வாய்க்கிழமை யூ-11 பயிற்சிக்குப் போவார்கள், இவன் வேடிக்கை பார்ப்பான். யூ-13 பயிற்சி வியாழக்கிழமை செகண்டரி திடலில், பெயர் தெரியாத பையன்களோடு. பி.இ. (உடற்கல்வி) ஆசிரியர் அவனை மனதில் வைத்து அழைத்தால் உண்டு, இல்லையென்றால் இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்காது. இது கற்பனைச் சிக்கல் இல்லை. பிரிவுக் கோட்டைத் தாண்டி வகுப்பு இறக்கப்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் வருவது.

இயர் 7-இல் போட்டால் எல்லாம் சுகமா என்றால், அதுவும் இல்லை. யூ-13 இரண்டு வருடப் பிரிவு. அதில் மூத்தவன் செப்டம்பர் 2013-இல் பிறந்திருப்பான். உங்கள் பையனுக்கும் அவனுக்கும் 22 மாத வித்தியாசம். முதல் வருடம் பெஞ்சில் உட்காரத்தான் வாய்ப்பு அதிகம். இயர் 8 வரும்போது அவனே மேல் வருடம் ஆகிவிடுவான், நிலைமை மாறும். இந்த ஒரு வருடத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

அதற்கு வழி பள்ளிக்கு வெளியே இருக்கிறது. மலேசியாவின் சொந்த வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. எம்எஸ்எஸ்எம் எனப்படும் மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றத்தின் போட்டிகளில் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். பார்ப்பது பிறந்த வருடத்தை மட்டும். ஃபிஃபாவின் வயதுப் பிரிவுகள், பூப்பந்தின் (பேட்மின்டன்) உலக ஜூனியர் போட்டி, டென்னிஸ் ஜூனியர் சுற்று எல்லாமே பிறந்த வருடக் கணக்குதான். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் கால்பந்து அகாடமிகளும் பெரும்பாலும் "2015 டீம்", "2016 டீம்" என்றே பிரிக்கின்றன. 2015 அணியில் உங்கள் பையன் நடுவில் வருகிறான். அங்கே மிக மூத்தவன் ஜனவரியில் பிறந்தவன், வித்தியாசம் ஏழு மாதத்துக்குள். பள்ளி யூ-13-இல் பெஞ்சில் இருப்பவன் சனி, ஞாயிறில் அகாடமி அணியில் முழு ஆட்டமும் ஆடலாம்.

படிக்கும் மற்றவர்கள் கவனிக்க: பிள்ளை நவம்பரில் பிறந்திருந்தால் இது தலைகீழ். பிரிட்டிஷ் பள்ளியில் அவன் வகுப்பின் மூத்தவர்களில் ஒருவன், அகாடமியில் கடைக்குட்டி. அவனுக்குப் பள்ளி அணிதான் வளர்ப்பு நிலம். இந்தத் தேதி விஷயம் வெறும் ஊகம் இல்லை. கனடா ஐஸ் ஹாக்கியில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அதிகமாகத் தேர்வாவதை 1985-இலேயே ஆய்வாளர் பார்ன்ஸ்லி குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். அங்கே கோடு ஜனவரி 1. செப்டம்பரில் கோடு போடும் இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர் பிள்ளைகள் கூட்டம்.

உள்ளூர் அரசுப் பள்ளியோ தமிழ்ப்பள்ளியோ என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பொதுவாக 7 வயது நிறையும் வருடம் ஆண்டு 1, அங்கிருந்து வருடத்துக்கு ஒரு படி. தேர்ச்சியோ இல்லையோ ஏற்றிவிடுவார்கள். பன்னாட்டுப் பள்ளிகளிலும் அமெரிக்க முறையில் நடப்பவை உண்டு, இங்கே ஐஎஸ்கேஎல், பினாங்கில் டலாட். அங்கே மட்டும் மைத்துனரின் கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் நீங்கள் சேர்க்கப்போவது அங்கே இல்லையே.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். பொடியன் என்ற கவலைக்கு வகுப்பை மாற்றுவது மருந்தே அல்ல. நீங்கள் 170, மனைவி 157 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13 சேர்த்து, இரண்டால் வகுத்தால் 170, வளர்ந்து முடிக்கும்போது அவன் எட்டக்கூடிய உயரம். முன்னே பின்னே 8 செ.மீ. இருக்கலாம், தோராயம்தான். 138 என்பது 170-இல் 81 சதவீதம். பையன்களின் வளர்ச்சி வேகம் உச்சத்துக்கு வருவது முழு உயரத்தில் 90 சதவீதத்தைத் தாண்டும் வாக்கில், சராசரியாக 14 வயதை ஒட்டி. உங்கள் பையனுக்கு அது 153-ஐத் தாண்டும்போது. அதுவரை வருடத்துக்கு 5 செ.மீ. போலத்தான் ஏறும், உச்சத்தில் 9, 10 வரை போகும்.

13 வயதுப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு வயது 11 முதல் 15 வரை பரவிக் கிடக்கும். ஒரு வருடம் கீழே இறக்கினாலும் சீக்கிரம் வளர்ந்த இளையவன் ஒருவன் இவனைத் தோளால் தள்ளிவிட்டுப் போவான். இங்கிலாந்து கிளப்புகள் இதனால்தான் சில ஆட்டங்களில் பிறந்த தேதியை விட்டுவிட்டு, முழு உயரத்தில் 85-90 சதவீதம், 90-95 சதவீதம் என்று பிரித்து ஆடவைத்துப் பார்க்கின்றன. (சான்றிதழில் வயதைக் குறைக்கும் நம் ஊர் வித்தையை யாராவது காதில் போட்டால் உடனே மறந்துவிடுங்கள். பிசிசிஐ மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கிறது, ஃபிஃபா 17 வயதுக்குட்பட்டோருக்கு எம்ஆர்ஐ எடுக்கிறது.)

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் குறியுங்கள். காலை நேரம், வெறுங்கால், குதிகால் சுவரில் ஒட்டியிருக்க, தலைமேல் அட்டையை மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். மாலையில் அளந்தால் ஒரு செ.மீ. வரை குறைவாகக் காட்டும், கணக்கு கெட்டுப்போகும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.-க்கு மேல் ஏறினால் வேக வளர்ச்சி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பந்து கட்டுப்பாடு சற்றுத் தடுமாறும். குதிகாலிலும் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்திலும் வலி வரலாம். வலிக்கும் வாரங்களில் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்கச் சொல்லி கோச்சிடம் பேசுங்கள். பள்ளி, அகாடமி இரண்டும் சேர்த்து வாரத்துக்கு அவன் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 11 வயதில் 11 மணி. ஒரு நாளாவது முழு ஓய்வு.

இனி விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத செலவு. இயர் 7-இல் சேர்ந்தால் இயர் 13 முடிவது ஜூன் 2033, அடுத்த மாதம் 18 நிறைகிறது. இயர் 6-இல் சேர்ந்தால் கடைசி வருடம் முழுவதும் 18 வயதில் படிப்பான். வேலை பார்க்க வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் டிபெண்டன்ட் பாஸ் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத்தான். அதன்பின் வேறு வகை பாஸுக்கு மாற வேண்டும், அதுவும் ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு நேரத்தில். பள்ளியில் கட்டணம் அதிகமான வகுப்பும் அதுதான், ஒரு வருடம் கூடுதலாக வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டியிருக்கும். நடுவில் ஊர் திரும்பினால் டிசியில் எந்த வகுப்பு முடித்ததாக இருக்கிறதோ அதற்கு அடுத்த வகுப்பில்தான் சேர்ப்பார்கள், இழந்த வருடம் இழந்ததுதான்.

பள்ளியில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பி.இ. துறைத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தெந்த லீக்கில் ஆடுகிறீர்கள், ஒவ்வொன்றிலும் வயதுக் கோடு எந்தத் தேதி, இயர் 7 பிள்ளைகளுக்கு பி டீம் (இரண்டாம் அணி) ஆட்டங்கள் உண்டா, சென்ற சீசனில் எத்தனை நடந்தது என்று கேளுங்கள். பி டீம் உள்ள பள்ளி என்றால் முதல் வருடப் பெஞ்சுப் பிரச்சினை பாதி தீர்ந்தது. அகாடமியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பையனும் ஆட்டத்துக்குக் குறைந்தது எத்தனை நிமிடம் ஆடுவான்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு அகாடமி பாருங்கள். சோதனைப் பயிற்சிக்குப் போகும்போது 2015 அணியையே கேளுங்கள். இடம் இல்லை, 2014-இல் சேர்க்கிறோம் என்று சமாளித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இயர் 6-ஐ யோசிக்க ஒரே ஒரு காரணம் இருக்கிறது: நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் மிகவும் பின்தங்கி, பள்ளியே அதைப் பரிந்துரைத்தால். அப்போதும் முதலில் இயர் 7-இல் சேர்த்துக்கொண்டு ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகளில் அந்த ஏற்பாடு உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் வரும்.